முப்பத்தேழரை டாலர் பிஸ்டல்

ரூகர் ஸ்டாண்டர்ட் பிஸ்டலின் கைப்பிடி, ஒரே எஃகுக் கட்டியைக் குடைந்து செய்ததுபோல் தோன்றும். உண்மையில் அது இரண்டு பாதி. எஃகுத் தகட்டை அச்சில் வைத்து அழுத்தி, இடப்பக்கம் ஒன்று வலப்பக்கம் ஒன்று எடுத்து, விளிம்போடு விளிம்பு சேர்த்துப் பற்றவைத்து, ராவி மெருகேற்றியிருக்கிறார்கள். 1949-ல் அமெரிக்கக் கடைகளில் இருந்த நல்ல பிஸ்டல்கள் இப்படிப் பிறந்தவை அல்ல. கனத்த எஃகை எந்திரத்தில் ஏற்றி, வேண்டாத இடத்தையெல்லாம் சீவித் தள்ளி, கடைசியில் கைத்தேர்ச்சி உள்ள தொழிலாளி அரத்தோடு உட்கார்ந்து பொருத்திக் கொடுத்தவை அவை. தகடு அழுத்திச் செய்த துப்பாக்கி என்றால் போர்க்கால அவசரத்துக்குச் செய்த சரக்கு என்றுதான் அன்று நினைப்பார்கள்.

இந்தப் பிஸ்டல் பிறந்த கதை அந்த ஒட்டில்தான் இருக்கிறது. குறி பார்த்துச் சுடப் பழக விரும்பும் ஒருவர், முதலில் எந்தக் கைத்துப்பாக்கி வாங்கலாம் என்று அமெரிக்காவில் கேட்டால், எழுபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சொல்லப்பட்டுவரும் சில பெயர்களில் இது ஒன்று. எங்கே காசை மிச்சம் பிடிக்கலாம், எங்கே கூடவே கூடாது என்பதை இதைச் செய்தவர் சரியாகப் பிரித்தறிந்தார். புதிதாகச் சுடப் பழகுகிறவருக்கு அந்தப் பிரிப்பு அப்படியே பொருந்திப்போனது.

வில்லியம் ரூகர் 1916-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். சிறுவயதிலிருந்தே துப்பாக்கி என்றால் அதன் உள்பாகங்கள்தான் அவருக்கு முக்கியம். வட கரோலினா பல்கலைக்கழகத்தில் படித்தார். அரசின் ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதச்சாலையில் கொஞ்ச காலம் வேலை பார்த்தார். இரண்டாம் உலகப் போரின்போது ஆட்டோ ஆர்டினன்ஸ் நிறுவனத்தில் எந்திரத் துப்பாக்கி ஒன்றை வடிவமைத்துக்கொண்டிருந்தார். போர் முடிந்தபின் கனெக்டிகட் மாநிலத்தின் சவுத்போர்ட் என்ற சிற்றூரில் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். அது தச்சர்களுக்கான கைக்கருவிகள் செய்யும் தொழில். அது நொடித்துப்போனது. கடை மூடுகிறவர்களில் பலர் அதோடு பொருள் செய்யும் ஆசையையே விட்டுவிடுவார்கள். ரூகரை அந்தத் தோல்வி கணக்குப் பார்க்க வைத்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஒரு பொருள் எவ்வளவு நன்றாக இருந்தாலும், செய்யும் செலவு விலைக்குள் அடங்காவிட்டால் அது நிலைக்காது என்பதைக் கையைச் சுட்டுக்கொண்டு கற்றவர் அவர். பிற்பாடு அவர் செய்த பிஸ்டலில் ஒவ்வொரு பாகத்திலும் அந்தச் சூடு தெரிகிறது.

போர் முடிந்த சமயத்தில், பசிபிக்கிலிருந்து திரும்பிய அமெரிக்க மரைன் வீரர் ஒருவரிடமிருந்து ஜப்பானியப் பிஸ்டல் ஒன்று அவர் கைக்கு வந்தது. ஜப்பானியத் தளபதி நாம்பு கிஜிரோ வடிவமைத்த வகையில் சிறியது அது. 'பேபி நாம்பு' என்று சேகரிப்பாளர்கள் சொல்வார்கள். ரூகர் தம் வீட்டு கராஜில் அதேபோல் இரண்டு செய்து பார்த்தார். அந்தத் துப்பாக்கியை அப்படியே விற்கும் எண்ணம் அவருக்கு இல்லை. அதிலிருந்து இரண்டு விஷயங்களை எடுத்துக்கொண்டார். ஒன்று, தோற்றம்: மெலிந்த குழல், பின்னால் சாய்ந்த கைப்பிடி. இன்னொன்று, உள்ளே ஓடும் போல்ட்டின் யோசனை. பெயரும் சாயலும் ஒத்துப்போவதால் இதை ஜெர்மானிய லூகர் பிஸ்டலின் பிள்ளை என்று இன்றும் பலர் நினைக்கிறார்கள். உருவத்தில் லூகரின் சாயல் உண்டு என்பது சரி. ஆனால் உள்ளே இருக்கும் வேலைப்பாட்டின் வேர் ஜப்பானில்.

யோசனை இருந்தது, பணம் இல்லை. அங்கேதான் அலெக்சாண்டர் ஸ்டர்ம் வருகிறார். யேல் பல்கலைக்கழகத்தில் ஓவியம் படித்தவர், எழுதுகிறவர், பழைய துப்பாக்கிகள் சேகரிப்பவர், அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட்டின் பேத்தியை மணந்தவர். ரூகரை விட ஏழு வயது இளையவர். அவர் பக்கத்திலிருந்து வந்த 50,000 டாலர்தான் நிறுவனத்தின் மொத்த முதல். 1949-ல் சவுத்போர்ட் ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த ஒரு சிவப்புக் கொட்டகையில் ஸ்டர்ம், ரூகர் கம்பெனி தொடங்கியது. இறக்கை விரித்த கழுகுச் சின்னத்தைச் சிவப்பு நிறத்தில் வடிவமைத்தவர் ஸ்டர்ம். விளம்பரமும் அவர் பொறுப்பு. பிஸ்டல் ரூகரின் பொறுப்பு.

50,000 டாலரில் பெரிய எந்திரங்கள் வாங்க முடியாது. அரம் பிடிக்கும் தேர்ந்த தொழிலாளிகளை வரிசையாக உட்கார வைக்கவும் முடியாது. எதிரே நின்ற போட்டியோ சாதாரணப் போட்டி இல்லை. கோல்ட் நிறுவனத்தின் வுட்ஸ்மன், ஜான் பிரௌனிங் வடிவமைத்து 1915-லேயே சந்தைக்கு வந்தது. அழகான பிஸ்டல், ஆனால் செய்ய நேரம் பிடிப்பது, விலையும் அதற்கேற்றது. ஹை ஸ்டாண்டர்ட் நிறுவனமும் அதே கனெக்டிகட் மாநிலத்தில்தான் இருந்தது. இவர்களோடு நேருக்கு நேர் மோதினால் கைக்கருவித் தொழிலுக்கு நேர்ந்ததே மறுபடியும் நேரும்.

ஆகவே கைப்பிடி தகடாயிற்று. யோசித்துப் பாருங்கள், கைப்பிடிக்கு என்ன வேலை? தோட்டாப் பெட்டியைத் தாங்க வேண்டும், விசையையும் சுத்தியையும் தாங்க வேண்டும், கையில் நன்றாகப் பொருந்த வேண்டும். குறி தப்புவதற்கும் தப்பாததற்கும் அது ஒரே உலோகக் கட்டியா, இரண்டு பாதியா என்பது காரணமே இல்லை. அந்த இடத்தில் ரூகர் தயங்காமல் செலவைக் குறைத்தார். தட்டையான வில்களைத் தட்டிப் பதப்படுத்துவது கைவேலை. அவற்றுக்குப் பதிலாகக் கம்பியைச் சுருட்டிய ஸ்பிரிங்குகளைப் போட்டார். அவை மலிவு, சுலபத்தில் முறிவதுமில்லை.

குழலிலும் அதைச் சுற்றிய பகுதியிலும் அவர் சமரசம் செய்யவில்லை. உருளை வடிவான எஃகுக் குழாய் ஒன்று பிஸ்டலின் மேலுடல். அதன் முன்வாயில் குழலைத் திருகு மரையால் இறுக்கிப் பூட்டினார். உருளையான போல்ட் அந்தக் குழாய்க்குள்ளேயே முன்னும் பின்னும் ஓடும். வெளியே தெரிவதெல்லாம் பின்முனையில் விரல்களால் பற்றி இழுக்க இரண்டு காது மட்டும். ராணுவப் பிஸ்டல்கள் பலவற்றில் மேலே உள்ள ஸ்லைடு முழுவதும் ஒவ்வொரு சூட்டுக்கும் பின்னால் போய்த் திரும்பி வரும்; குறி பார்க்க உதவும் பின்குறி அதன் முதுகில்தான் உட்கார்ந்திருக்கும். ரூகரில் முன்குறி குழலின் மேல், பின்குறி அசையாத குழாயின் மேல். இரண்டும் குழலோடு இறுகிய ஒரே உடல்.

இதன் அருமை ஒரு சின்னக் கணக்கில் விளங்கும். முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே 20 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பின்குறி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு இடம் மாறினாலும், 25 மீட்டர் தூரத்தில் குண்டு ஒன்றேகால் சென்டிமீட்டர் தள்ளிப் படும். பன்னாட்டுப் போட்டியில் 25 மீட்டர் நிதானச் சூட்டுக்கான பலகையில் பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவே 5 சென்டிமீட்டர்தான். சுடுகிறவர் தவறே செய்யாமலேயே நடுவிலிருந்து விளிம்புவரை உள்ள தூரத்தில் பாதி போய்விடும். புதிதாகப் பழகுகிறவருக்கு இதைவிடக் கொடிய இடையூறு வேறு இல்லை. தவறு தன்னுடையதா, கருவியுடையதா என்றே அவருக்குத் தெரியாது. எதைத் திருத்துவது?

குழாய்க்குள் ஓடும் இந்த எளிய போல்ட் ஏன் போதுமானதாக இருந்தது என்பதற்குத் தோட்டாவின் கதைக்குப் போக வேண்டும். தீபாவளிக்குச் சிறுவர்கள் வெடிக்கும் பொட்டுக் கேப்பை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கு நெருப்பு வேண்டாம்; கல்லை எடுத்து ஒரு தட்டு தட்டினால் போதும். பழைய துப்பாக்கிகளில் கருமருந்தைப் பற்றவைக்க அதேபோல் அடி பட்டால் வெடிக்கும் சின்னச் செப்புக் கேப் இருந்தது. 1845 வாக்கில் பாரிஸில் லூயி ஃப்ளோபேர் என்ற துப்பாக்கித் தொழிலாளர், அந்தக் கேப்பின் வாயிலேயே ஒரு சின்ன ஈயக் குண்டை அடைத்தார். தனியாகக் கருமருந்தே கிடையாது. கேப்பின் வெடிப்பே குண்டைத் தள்ளியது. வீட்டுக் கூடத்தில் பலகை வைத்துச் சுடும் பொழுதுபோக்குக்கு அது போதுமானதாக இருந்தது.

1857-ல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் அந்தக் கேப்பை நீட்டியது. கூட்டின் அடியில் துருத்தும் விளிம்பை உட்குழிவாக விட்டு, வெடிக்கலவையை அதற்குள் சுற்றிலும் பரப்பி, மேலே கருமருந்து போட்டு, ஈயக் குண்டால் மூடினார்கள். ஊசி விளிம்பில் எந்த இடத்தில் அடித்தாலும் வெடிக்கும். விளிம்பில் வெடிப்பதால் ரிம்ஃபயர் என்று பெயர். அவர்களுடைய ஏழு குண்டு ரிவால்வர் அமெரிக்க உள்நாட்டுப் போரில் சிப்பாய்கள் பலர் சொந்தக் காசில் வாங்கி வைத்துக்கொண்டது. பிறகு 1887-ல் மாசசூசெட்ஸின் ஸ்டீவன்ஸ் நிறுவனம் கூட்டை நீளமாக்கி, 2.6 கிராம் எடையுள்ள குண்டை வைத்து, .22 லாங் ரைஃபிள் என்ற தோட்டாவை உருவாக்கியது. இன்று வரை உலகம் மிக அதிகமாகச் சுடும் தோட்டாக்களில் ஒன்று அது.

ஊசி அடித்து நசுக்க வேண்டுமானால் விளிம்பு மெல்லியதாக இருந்தே ஆக வேண்டும். மெல்லிய கூடு பெரிய அழுத்தத்தைத் தாங்காது. ஆகவே இந்தத் தோட்டா என்றுமே சாதுவானது. ராணுவப் பிஸ்டலில் வெடிக்கும் நேரத்தில் குழலையும் ஸ்லைடையும் பூட்டிப் பிடிக்கச் சிக்கலான ஏற்பாடு வேண்டும். இங்கே போல்ட்டின் எடையும் ஒரு ஸ்பிரிங்கும் போதும். குண்டு குழலைத் தாண்டும் வரை போல்ட் அநேகமாக அசையாது; பிறகு சோம்பலாகப் பின்வாங்கும், காலிக் கூட்டை வெளியே தள்ளும், அடுத்த தோட்டாவை ஏற்றும். ரூகரின் எளிய போல்ட் இந்தச் சாதுத் தோட்டாவுக்கு ஏற்றது. சுட்ட கூட்டை மறுபடி நிரப்ப முடியாது என்பது ஒரு குறை. ஆனால் தோட்டாவே மலிவு என்பதால் அது யாரையும் உறுத்துவதில்லை.

அந்த மலிவும் சாதுத்தனமும்தான் குறி பார்க்கும் கலையில் முதல் பாடம். பெரிய தோட்டா சுடும் பிஸ்டலோடு தொடங்குகிறவர் பத்தாவது தோட்டாவுக்குள்ளேயே உதைப்புக்கும் சத்தத்துக்கும் பயப்படக் கற்றுக்கொண்டுவிடுவார். மனம் துணிந்தாலும் உடம்பு கேட்காது. விசை விடுபடுவதற்கு ஒரு கணம் முன்பே கண் இமைக்கும், மணிக்கட்டு கீழே குனியும், குண்டு பலகையின் அடியில் போய்ப் படும். இதைக் கண்டுபிடிக்கப் பயிற்சியாளர்களிடம் எளிய வழி இருக்கிறது. தோட்டாப் பெட்டியில் நல்ல தோட்டாக்களுக்கு நடுவே வெடிக்காத போலித் தோட்டா ஒன்றைச் சுடுகிறவருக்குத் தெரியாமல் கலந்து வைப்பார்கள். அது வரும்போது வெடி இல்லை, உதைப்பு இல்லை. ஆனால் குழல் முனை மட்டும் சடாரென்று குனியும். தன் கண்ணாலேயே தன் தவற்றைப் பார்த்தவர் பிறகு பயிற்சியாளரோடு வாதாட மாட்டார். .22-ல் தொடங்கியவருக்கு இந்தக் கெட்ட பழக்கம் வேரூன்ற வழி குறைவு. பயப்பட அதில் அதிகம் இல்லை, நூறு முறை சுட்டுப் பழகவும் செலவு கட்டும்.

1949-ல் அமெரிக்கன் ரைஃபிள்மன் இதழில் சின்ன விளம்பரம் வந்தது. விலை 37.50 டாலர். வுட்ஸ்மன் வாங்க முடியாதவர்கள் அமெரிக்காவில் எத்தனை பேர் காத்திருந்தார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. அதே இதழில் துப்பாக்கி விஷயத்தில் பெரிதும் மதிக்கப்பட்ட ஜெனரல் ஜூலியன் ஹாட்சர் இந்தப் பிஸ்டலைச் சுட்டுப் பார்த்து நல்லபடி எழுதினார். போர்க்காலச் சரக்கின் வேலைமுறையில் செய்தது, போட்டியில் நம்பலாமா என்ற சந்தேகத்துக்கு அதைவிட நல்ல பதில் கிடைத்திருக்காது. வெளியிலிருந்து வேறு முதல் தேடாமலே கொட்டகை வளர்ந்தது.

1951 நவம்பரில் ஸ்டர்ம் மஞ்சள் காமாலை நோயில் இறந்தார். வயது 28. பிஸ்டல் வெளிவந்து இரண்டே ஆண்டு. ரூகர் தம் நண்பருக்கான துக்க அடையாளமாகப் பிஸ்டலின் கைப்பிடியில் இருந்த சிவப்புக் கழுகைக் கறுப்பாக்கினார். பல பத்தாண்டுகள் அது கறுப்பாகவே இருந்தது. நிறுவனத்தின் பெயரில் ஸ்டர்மின் பெயர்தான் இன்றும் முதலில் வருகிறது. பழைய ரூகர் ஒன்றைக் கையில் எடுப்பவர்கள் அந்தச் சின்னக் கழுகின் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு என்றால் ஸ்டர்ம் உயிரோடு இருந்த காலத்தது என்று அதற்குச் சேகரிப்பாளர்களிடையே தனி மதிப்பு உண்டு.

அதே 1951-ல் மார்க் 1 வந்தது. நீண்ட குழல், திருகாணியால் மேலும் கீழும் பக்கவாட்டிலும் நகர்த்தக்கூடிய பின்குறி. ஸ்டாண்டர்டின் பின்குறி நிலையானது; தோட்டா வகை மாறினால் குண்டு படும் இடமும் மாறும், அதற்கு ஈடுகட்ட ஸ்டாண்டர்டில் வழி இல்லை. குறி சுடுகிறவருக்கு மார்க் 1 அந்த வழியைத் தந்தது. போட்டிகளில் சுடுகிறவர்கள் ரூகரை ஏற்றுக்கொண்டது இதன் பிறகுதான் என்பது என் கருத்து. 1982-ல் ஸ்டாண்டர்டின் உற்பத்தி நின்றபோது, துருப்பிடிக்காத எஃகில் 5,000 பிஸ்டல்கள் செய்து அவற்றில் ரூகரின் கையெழுத்தைப் பொறித்து விற்றார்கள்.

குறை இல்லாத பிஸ்டல் அல்ல இது. கடைசித் தோட்டா சுட்டபின் போல்ட் பின்னால் நிற்காது. 1982-ன் மார்க் 2 வரை அப்படித்தான். அதைவிடப் பெரிய தொல்லை, சுத்தம் செய்யப் பிரித்தால் மறுபடி மாட்டுவது. கைப்பிடியின் முதுகில் உள்ள நெம்பை இழுத்துப் பிரிப்பது சுலபம். மாட்டும்போது பிஸ்டலை மேலும் கீழும் சாய்த்து, உள்ளே தொங்கும் சின்னக் கம்பி சரியான குழியில் விழுமாறு செய்ய வேண்டும். விழாவிட்டால் எதுவும் அசையாது. இன்னொன்றும் உண்டு: அடிக்கும் ஊசியைக் குறுக்கே தடுத்து நிறுத்தும் சின்ன முளை ஒன்று போல்ட்டில் இருக்கிறது. சுத்தம் செய்து அதை மாட்ட மறந்துவிட்டுக் காலியாக விசையை இழுத்தால், ஊசி போய்க் குழலின் பின்வாய் விளிம்பில் அடித்துத் தழும்பு உண்டாக்கும். அப்புறம் தோட்டா சரியாக ஏறாது. 2016-ல் வந்த மார்க் 4-ல் பின்னால் ஒரு பொத்தானை அமுக்கினால் மேலுடல் அப்படியே கீல்போல் மடங்கித் திறக்கிறது. பிறந்து 67 ஆண்டுக்குப் பிறகு அந்தத் தொல்லை தீர்ந்தது. அந்த மார்க் 4-லும், 2017 ஜூன் மாதத்துக்கு முன் செய்தவற்றைப் பாதுகாப்புப் பூட்டில் குறை கண்டு நிறுவனமே திரும்ப அழைத்தது. பழையது வாங்குகிறவர்கள் அது சரிசெய்யப்பட்டதா என்று கேட்டே ஆக வேண்டும்.

நம் நாட்டில் யாரும் கடைக்குப் போய் இப்படி ஒரு பிஸ்டலைக் கேட்டு வாங்கிவிட முடியாது. 1959-ன் ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். இங்கே பழகுகிறவர்களில் பெரும்பாலோர் காற்றுப் பிஸ்டலில் தொடங்கிப் பிறகே .22-க்கு வருகிறார்கள். ஆனால் இந்தச் சின்னத் தோட்டா நமக்கு அந்நியமல்ல. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் விஜய் குமார் 25 மீட்டர் விரைவுச் சூட்டில் வெள்ளிப் பதக்கம் வாங்கியது .22 பிஸ்டலில்தான்.

அமெரிக்காவிலோ, உரிமம் கிடைக்கும் வேறு நாட்டிலோ இருந்து முதல் பிஸ்டல் வாங்கப்போகும் தமிழர் யாராவது இதைப் படித்தால் அவருக்குச் சில வார்த்தைகள். ரூகர்தான் வாங்க வேண்டும் என்றில்லை. பிரௌனிங் பக்மார்க்கும் நல்லது, நல்ல .22 ரிவால்வரும் பழுதில்லை. பெயரை விடுங்கள். பின்குறி ஓடும் ஸ்லைடின் மேல் உட்கார்ந்திருக்கிறதா, அசையாத உடலின் மேல் இருக்கிறதா என்று பாருங்கள். திருகி நகர்த்தக்கூடிய பின்குறியா என்று பாருங்கள். கடைக்காரரின் அனுமதியோடு, தோட்டா இல்லை என்பதை நீங்களே திறந்து பார்த்து உறுதி செய்துகொண்டு, விசையை இழுத்துப் பாருங்கள். அது மணலில் இழுப்பதுபோல் உரசாமல், எதிர்பாராத கணத்தில் கண்ணாடி முறிவதுபோல் விடுபட வேண்டும். ஒரு கையில் நீட்டிப் பிடித்து அரை நிமிடம் நில்லுங்கள். கை நடுங்கினால் பரவாயில்லை, பிடி உறுத்தக் கூடாது. காது மூடியும் கண் காக்கும் கண்ணாடியும் பிஸ்டலோடு சேர்த்தே வாங்க வேண்டியவை. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் பூட்டும் பெட்டியும் அப்படித்தான், அதில் பேச்சே இல்லை.

எல்லாம் பார்த்து, பளபளப்பான விலை உயர்ந்த ஒன்றுக்கும், தேய்ந்த பழைய மார்க் 2 ஒன்றுக்கும் நடுவே நின்றால், பழையதை எடுங்கள். மிச்சப் பணம் அத்தனைக்கும் தோட்டா வாங்குங்கள்.